வீரராஜேந்திர சோழன்: போர்ப் பெருமையையும் மருந்துப் பட்டியலையும் ஒரே கல்லில் வெட்டிய மன்னன்... திடீர்னு பார்வை போனால் இன்று நாம் என்ன செய்யணும்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் ஒன்றுசேரும் இடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம். ஆற்றோரத்தில் அப்பன் வெங்கடேச பெருமாள் கோயில். சாமி கும்பிட வருகிறவர்களில் பலர், அந்தக் கோயில் சுவரில் ஒரு மருத்துவமனையின் மொத்தக் கணக்கும் எழுதியிருப்பதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள்.

எத்தனை படுக்கை, எத்தனை ஊழியர், மருத்துவருக்கு என்ன சம்பளம், என்னென்ன மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கணும் என எல்லாம் அதில் இருக்கு. காலம் சுமார் 1068. அதாவது 950 வருஷத்துக்கு முன்னால். அந்தக் கல்வெட்டின் அரசன் வீரராஜேந்திர சோழன்.

யார் இந்த வீரராஜேந்திரன்? ஆயுள் முழுக்கப் போர் செய்த ஒருவரின் ஆட்சியில் இப்படி ஒரு ஆதுலர் சாலை எப்படி வந்தது? அந்த மருந்துப் பட்டியலால் குணமாக்க முடியாத, ஆனால் இன்று காப்பாற்றக்கூடிய நோய்கள் எவை? விரிவாகப் பார்ப்போம்.

ராஜராஜனின் பேரன்

வீரராஜேந்திரன், கங்கைகொண்ட சோழபுரத்தை உருவாக்கிய முதலாம் ராஜேந்திர சோழனின் மகன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் பேரன். ஆனால் அரியணை இவருக்கு நேராக வரவில்லை. முன்னால் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள்.

மூத்தவர் முதலாம் ராஜாதிராஜன். 1054-ல் மேலைச் சாளுக்கியர்களோடு கொப்பம் என்ற இடத்தில் நடந்த போரில், யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டார். அரசன் விழுந்ததும் சோழப் படை கலைந்து ஓடத் தொடங்கியது. அப்போது அடுத்த தம்பி இரண்டாம் ராஜேந்திரன் முன்னால் வந்து படையைத் திரட்டி, போரை வென்று, அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டார். அவர் ஆட்சி 1063 வரை நடந்தது. பட்டத்து இளவரசனாக இருந்த அவருடைய மகன் ராஜமகேந்திரன் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், 1063-ல் அரியணை வீரராஜேந்திரனிடம் வந்தது.

அண்ணன் போர்க்களத்தில் போனார். வாரிசாக வர வேண்டிய அண்ணன் மகனும் போனான். இந்தப் பின்னணியில்தான் இவர் ஆட்சிக்கு வந்தார். ஆண்டது ஏழெட்டு வருஷம்தான். அதில் பெரும்பகுதி போரிலேயே கழிந்தது.

யாரோடு இவ்வளவு சண்டை?

முக்கிய எதிரி, கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரன். ஆகவமல்லன் என்பது அவருடைய பட்டப்பெயர். துங்கபத்திரை ஆற்றங்கரையும், இன்றைய ஆந்திரத்தில் இருக்கும் வேங்கி நாடும்தான் இரு தரப்புக்கும் தீராத பிரச்சினை.

இவருடைய ஆட்சியில் மிகப் பெரிய போர், கூடல் சங்கமத்தில் நடந்தது. பெயரிலேயே தெரியும், அதுவும் ஆறுகள் கூடுகிற இடம்தான். அங்கே சாளுக்கியப் படையைத் தோற்கடித்ததைச் சோழர் கல்வெட்டுகள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஆகவமல்லனை ஐந்து முறை புறமுதுகிட்டு ஓடவைத்தவர் என்பது வீரராஜேந்திரன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெருமை.

பிறகு நடந்தது இன்னும் வினோதமானது. மறுபடியும் அதே கூடல் சங்கமத்தில் மோதலாம் என்று சாளுக்கியர் தரப்பிலிருந்து ஓலை வந்ததாகவும், வீரராஜேந்திரன் சொன்ன நாளுக்குப் போய் ஒரு மாதம் காத்திருந்ததாகவும், ஆகவமல்லன் வரவே இல்லை என்றும் சோழர் தரப்பு பதிவு செய்திருக்கிறது. எதிரி பயந்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவனைப் போல ஓர் உருவம் செய்து அவமானப்படுத்தியதாகவும் அதே பதிவு சொல்கிறது.

ஆனால் சாளுக்கியர் பக்கக் கதை வேறு. ஆகவமல்லனுக்கு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கடும் காய்ச்சல் கண்டிருந்தது. இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலையில், 1068-ல் குருவத்தியில் துங்கபத்திரை ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். களத்துக்கு வராமல் போனவர் கோழையாகத்தான் இருக்கணும் என்பதில்லை. நோயாளியாகவும் இருக்கலாம்.

எதிரி அரசன் மருந்து இல்லாமல் மாண்ட அதே காலகட்டத்தில்தான், திருமுக்கூடல் சுவரில் மருந்துப் பெயர்கள் வெட்டப்பட்டன.

கொடூரமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை

வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்திகளைப் படித்தால் சில இடங்களில் மனசு கனக்கும். எதிரித் தளபதி சாமுண்டராயனின் தலையை வெட்டியதும், அவருடைய மகள் நாகலையின் மூக்கை அறுத்ததும் அதில் வெற்றியாகவே பெருமையோடு சொல்லப்படுகின்றன. அந்தக் காலத்துப் போர்ப் பழக்கம் என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது பழக்கம் இல்லை, வாழ்நாள் காயம்.

திருமுக்கூடல் கல்வெட்டும் அரசனின் போர்ப் புகழோடுதான் தொடங்குகிறது. கொஞ்சம் இறங்கி வந்தால், காயத்துக்குப் போடும் எண்ணெயும், நோயாளிக்கு அளக்கும் அரிசியும், ராத்திரி எரிய வேண்டிய விளக்கும் வருகின்றன. ஒரே சுவர், ஒரே உளி. இந்த முரண்பாட்டோடுதான் இந்த மன்னரைப் புரிந்துகொள்ளணும்.

கடாரம், இலங்கை, வேங்கி

சாளுக்கியரைத் தவிர மற்ற திசைகளிலும் இவர் படை போனது. பெஜவாடா, அதாவது இன்றைய விஜயவாடா அருகே போரிட்டு, வேங்கியை மீட்டு, ஏழாம் விஜயாதித்தனை அங்கே மறுபடி அமர்த்தினார். இலங்கையில் விஜயபாகு சோழர்களுக்கு எதிராகக் கிளம்பியபோது அங்கும் படை அனுப்பினார். அடைக்கலம் தேடி வந்த கடாரத்து அரசனுக்காகக் கடல் கடந்து படை அனுப்பி, நாட்டை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா.

ஆகவமல்லன் இறந்த பிறகு அவருடைய மகன்களுக்குள் சண்டை வந்தது. அதில் இளையவனான விக்கிரமாதித்தன் பக்கம் வீரராஜேந்திரன் நின்றார். தன் மகளையே அவனுக்குத் திருமணம் செய்துகொடுத்தார். ஐந்து முறை விரட்டியதாகப் பெருமை பேசிய எதிரியின் மகனே மருமகனானான்!

போரைத் தவிர வேறு என்ன செய்தார்?

சிதம்பரம் நடராசருக்குத் திரைலோக்கியசாரம் என்ற அரிய மாணிக்கத்தைக் கொடுத்தார். புத்தமித்திரர் என்ற பௌத்தப் புலவர் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்கு இவருடைய பெயர்தான் வைக்கப்பட்டது. அதுதான் வீரசோழியம். சைவ மன்னர், பௌத்தர் எழுதிய இலக்கணம், வைணவக் கோயிலில் ஆதுலர் சாலை. மூன்றிலும் இவர் பெயர் இருக்கு.

திருமுக்கூடல் ஆதுலர் சாலையில் என்ன இருந்தது?

ஆதுலர் என்றால் நோயாளி. நோயாளிகளுக்கான சாலை ஆதுலர் சாலை. திருமுக்கூடலில் இருந்ததன் பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. கோயிலைச் சேர்ந்த ஜனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் ஆகமமும் கற்பிக்கும் பள்ளி இருந்தது. மாணவர்கள் தங்க விடுதியும் இருந்தது. அங்கே படித்தவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் சிகிச்சை தர இந்தச் சாலை. செலவுக்கு வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய்.

அதன் அமைப்பு இதுதான்:

- 15 படுக்கைகள்.
- நோய் பார்க்க ஒரு மருத்துவர். பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். நிலமும் உண்டு.
- அறுவை சிகிச்சை செய்ய ஒருவர். ஆண்டுக்கு 30 கலம் நெல்.
- மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர்.
- நோயாளிக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்துக் கவனிக்க இரண்டு பெண்கள். இன்றைய பாஷையில் நர்ஸ்.
- ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர்.
- ஒவ்வொரு நோயாளிக்கும் தினமும் ஒரு நாழி அரிசி.
- இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு.

இந்தக் கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நோய் பகலில் மட்டும் வருவதில்லை. ராத்திரி 2 மணிக்கு ஒருவருக்கு மூச்சு இழுத்தால் பார்க்க வெளிச்சம் வேண்டும், ஆள் வேண்டும். அதற்கு எண்ணெய் ஒதுக்கி, அந்தச் செலவைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். எதிர்பாராத நேரத்துக்கு முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் அவசர சிகிச்சையின் அடிப்படை.

அந்த மருந்துப் பட்டியல்

ஒரு வருஷத்துக்குச் சேமித்துவைக்க வேண்டியவை என சுமார் 20 மருந்துகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம், வஜ்ரகல்பம் என்று அது போகிறது. இதில் நாம் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு வகை.

முதலாவது, கண் மருந்துகள். விமலை, சுநேத்ரி ஆகிய இரண்டும் கண்ணுக்கானவை. சுநேத்ரி என்ற பெயரே நல்ல கண் என்ற பொருள் தருவது.

இரண்டாவது, நரம்பு சம்பந்தப்பட்டவை. பட்டியலில் புராண கிருதம் இருக்கு. அதாவது பல வருஷம் பழகிய நெய். வலிப்புக்கும் மனக் கலக்கத்துக்கும் ஆயுர்வேத நூல்கள் சொல்லும் மருந்து இது. பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த லசுநாத்ய ஏரண்ட தைலம் இருக்கு. கை கால் பிடிப்பு, முடக்கம் போன்ற வாத நோய்களுக்கு ஆமணக்கெண்ணெய் மருந்துகளைத்தான் அந்த மரபு நம்பியது.

ஆக, கண் தெரியாமல் வந்தவரும், வலிப்போடு தூக்கிவரப்பட்டவரும், கை கால் விழுந்தவரும் அந்த 15 படுக்கைகளை நோக்கி வந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பட்டியலிலிருந்தே புரிகிறது. வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்துவைத்திருந்தார்கள்.

அசுவத்தாம பட்டனால் முடியாதது எது?

கண் சிவந்தது, பீளை தள்ளுகிறது, புரை விழுந்தது என்றால் பிரச்சினை கண்ணிலேயே இருக்கு. வெளியே தெரியும். அதற்கு மருந்து தேடலாம். ஆனால் கண் பளிச்சென்று இருந்தும் பார்வை போனால்? அங்கேதான் அந்தக் காலத்து மருத்துவம் நின்றுபோனது.

நாம் பார்ப்பது கண்ணால் மட்டும் இல்லை. கண் ஒரு கேமரா மாதிரி. அங்கிருந்து பார்வை நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையின் பின்பகுதிதான், பிடரிக்கு நேர் உள்ளே, அதைக் காட்சியாக மாற்றுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடி விழுந்தாலும் பார்வை பாதிக்கும். கண்ணில் எந்த மருந்தை விட்டாலும் பலன் இருக்காது.

கண்ணின் உள்ளே விழித்திரையையும் பார்வை நரம்பின் முனையையும் நேராகப் பார்க்கும் கருவி 1851-ல்தான் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸால் உருவாக்கப்பட்டது. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையை சி.டி. ஸ்கேன் மூலம் முதன்முதலில் பார்த்தது 1971-ல். நம் ஊர்க் கணக்கில், சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இந்தியாவில் நவீன மூளை அறுவை சிகிச்சைத் துறை 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியாலும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியாலும் தொடங்கப்பட்டது. திருமுக்கூடல் பட்டியலுக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய 900 வருஷம்!

பார்வை திடீர்னு மங்கினால் மூளை காரணமாக இருக்குமா?

ஒரு உதாரணம். காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளர். வயசு 55. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. திடீரென்று சேலையின் ஒரு பக்கத்துக் கரை கண்ணுக்குத் தெரியவில்லை. வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. வீட்டில் என்ன சொல்வார்கள்? வயசாச்சு, புரையா இருக்கும், அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரி போகலாம் என்பார்கள்.

இதுதான் ஆபத்தான தவறு. புரை திடீரென்று வராது, மாதக்கணக்கில் மெல்ல மங்கும். நிமிஷத்தில் பார்வை போவது புரை இல்லை.

டாக்டர்கள் முதலில் பார்ப்பது, பார்வை ஒரு கண்ணில் போச்சா, இரண்டிலுமா என்பதைத்தான். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும்போது இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், உதாரணமாக வலது பாதி மட்டும் மறைந்தால், பிரச்சினை மூளையின் எதிர்ப் பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாதம் கை காலை மட்டும்தான் தாக்கும் என்று இல்லை. பார்வையை மட்டும் தாக்கும் பக்கவாதமும் உண்டு.

கவனிக்க வேண்டிய மற்ற அறிகுறிகள்:

- ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டி, சில நிமிஷத்தில் சரியானால்: சரியாப்போச்சு என்று விடக் கூடாது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். பெரிய பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கை இது.
- வாழ்க்கையிலேயே இல்லாத தலைவலி, நொடியில் உச்சத்துக்குப் போனால்: மூளை ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். கூடவே ஒரு கண் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால் இன்னும் அவசரம்.
- நாள்பட்ட தலைவலி, காலையில் வாந்தி, குனிந்தால் கண் சில நொடி இருட்டுவது: மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். கட்டி, காசநோய், மூளையில் நீர் தேங்குவது, சிரையில் ரத்தம் உறைவது எனக் காரணம் பல. பிரசவமான சில வாரங்களுக்குள் பெண்களுக்கு இப்படி வந்தால் உடனே பார்க்கணும்.
- 50 வயசுக்கு மேல், நெற்றிப்பொட்டில் புதிய வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்: ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் அடுத்த கண்ணும் போகும். உடனே மருந்து தொடங்கினால் அதைத் தடுக்கலாம்.
- இளம் வயசில் ஒரு கண் மங்கி, கண்ணை அசைத்தால் வலித்தால்: பார்வை நரம்பில் அழற்சி இருக்கலாம்.
- இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மெல்லக் குறைந்தால்: மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை என்பதுதான் பலர் சொல்லும் முதல் புகார்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே வாய் குழறும், கை சோரும். அடுத்து சி.டி. ஸ்கேன். மூளையில் ரத்தம் கசிந்திருக்கா, குழாய் அடைத்திருக்கா என்று பிரிப்பதுதான் இதன் வேலை. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஸ்கேனுக்கு முன்னால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்கிறார்கள்.

அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். பெரிய குழாய் அடைத்திருந்தால், கம்பி போன்ற குழாயை உள்ளே செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு. அது சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட பலன் தரும். ஆனால் காத்திருக்கக் காத்திருக்க இழப்பு கூடும். பெரிய குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது மருத்துவக் கணக்கு.

கண்ணுக்குள் பார்க்கும் சோதனையும் முக்கியம். பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கு என்று தெரியும். காரணம் தெரிய எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர் சோதனை. அழுத்தத்தை நேரத்தில் குறைத்தால் பார்வையைக் காப்பாற்றலாம். நரம்பு காய்ந்துபோன பிறகு வந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது, கூடாதது

- முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, திடீர் பார்வை இழப்பு, திடீர் தள்ளாட்டம். இதில் எது வந்தாலும் உடனே 108.
- கடைசியாக அவர் நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.
- சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். மூன்று இடம் மாறினால் நாலரை மணி நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடும்.
- வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகலாம்.
- வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அதனால் பலன் இல்லை. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிஷம் தாண்டியும் நிற்காவிட்டால் அவசர ஊர்தி.
- பிரஷர், சர்க்கரை மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

வீரராஜேந்திரனின் முடிவு

1070-ன் தொடக்கத்தில் வீரராஜேந்திரன் இறந்தார். மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தார். சில மாதங்களில் அவரும் மறைந்தார். ராஜராஜன் தொடங்கி நேராக வந்த ஆண் வழி அதோடு முடிந்தது. தாய்வழியில் சோழரான வேங்கி இளவரசர், முதலாம் குலோத்துங்கனாக அரியணை ஏறினார்.

வீரராஜேந்திரன் யாருக்காகப் போரிட்டாரோ அந்த எல்லைகளும் நிலைக்கவில்லை. விஜயபாகு இலங்கையிலிருந்து சோழர்களை வெளியேற்றினார். வேங்கியில் அமர்த்திய விஜயாதித்தனும், கடாரத்துக்குப் போன கப்பல்களும் இன்று வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும்தான். மருமகன் விக்கிரமாதித்தனே பின்னால் குலோத்துங்கனுக்குப் பெரும் எதிரியானார்.

ஆனால் திருமுக்கூடல் சுவரில் அந்தப் பட்டியல் இன்னும் படிக்கும் நிலையில் இருக்கு. இன்று அந்தக் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், சுவரை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

15 படுக்கை, இரண்டு நர்ஸ், ஒரு ராத்திரி விளக்கு. கையில் இருந்ததை வைத்து அவர்கள் தயாராக இருந்தார்கள். இன்று நம் கையில் ஸ்கேன் இருக்கு, ஊசி இருக்கு, 108 இருக்கு. அசுவத்தாம பட்டனிடம் இல்லாதது எல்லாம் நம்மிடம் இருக்கு. ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் விடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால், அதில் எதுவும் உதவாது.